கார்த்தஹேனாவின் துபாஷிகள்



கொலம்பியா நாட்டின் கரீபியக் கரையில் உள்ள கார்த்தஹேனா என்ற துறைமுக நகருக்கு எங்கள் வாசகர் வட்டத்திலிருந்து 14 பேர் சேர்ந்து போய்வந்தோம். அதைப் பற்றிப் பேசும்படி நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். எங்கே தங்கினோம், எவ்வளவு செலவானது என்பதையெல்லாம் கேள்வி நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கே கிடைத்த தேங்காய்ச் சோறும் பொரித்த மீனும் நம் நாக்குக்கு அந்நியமாக இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேச நினைப்பது அந்த நகரின் வரலாற்றில் வரும் ஒரு வகை மனிதர்களைப் பற்றி. இரண்டு மொழிகளுக்கு நடுவே நின்றவர்கள். துபாஷி என்று நாம் சொல்வோமே, அவர்கள்.

முதலில் ஊரின் பெயர். ஸ்பெயினிலேயே கார்த்தஹேனா என்று ஒரு பழைய துறைமுகம் உண்டு. அதிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக இதைக் 'கார்த்தஹேனா தெ இந்தியாஸ்' என்றார்கள். இந்தியாக்களின் கார்த்தஹேனா. கொலம்பஸ் செய்த குழப்பம் ஊர்ப் பெயரிலேயே இன்றுவரை உட்கார்ந்திருக்கிறது.

1533இல் பெத்ரோ தெ எரெதியா என்ற ஸ்பானியர் இந்த நகரை நிறுவினார். அதற்கு முன் அங்கே கலமாரி என்ற பூர்வகுடி ஊர் இருந்தது. எரெதியா வந்தபோது அவருடன் ஒரு பூர்வகுடிப் பெண்ணும் இருந்தார். சிறுமியாக இருக்கும்போதே இந்தக் கரையில் ஸ்பானியர்களால் கடத்தப்பட்டு, சாண்டோ டொமிங்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஸ்பானிய மொழி கற்றவர். அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஸ்பானியர்கள் வைத்த பெயர் கதலினா. 'இந்தியா கதலினா' என்கிறார்கள், இந்தியப் பெண் கதலினா. எரெதியாவுக்கும் கரையோர மக்களுக்கும் நடுவே பேசியவர் அவர்தான். மதிலுக்கு வெளியே அவருக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, 1974இல் வைத்தது. கார்த்தஹேனா திரைப்பட விழாவில் கொடுக்கும் விருதும் அவருடைய உருவம்தான். தன் மக்களைப் பணியவைக்க மொழி பெயர்த்தவர் என்று அவரைத் திட்டுகிறவர்களும் உண்டு. கடத்தப்பட்ட ஒரு சிறுமிக்கு வேறு என்ன வழி இருந்திருக்கும் என்று கேட்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

ஆக, இந்த ஊர் ஒரு துபாஷியோடுதான் தொடங்குகிறது. ஆனால் எந்தச் சுற்றுலாக் குழுவையும் முதலில் ஏற்றுவது மதிலின் மேல். எங்களையும் அப்படித்தான் ஏற்றினார்கள்.

மதிலுக்குக் காரணம் வெள்ளி. தென் அமெரிக்காவின் வெள்ளியை ஸ்பெயினுக்குக் கொண்டுபோகும் கப்பல் அணி இந்தத் துறைமுகத்தில்தான் தங்கிப் புறப்படும். பணம் இருக்கும் இடத்துக்குக் கொள்ளையர் வருவார்கள். 1586இல் பிரான்சிஸ் டிரேக் வந்தார். ஆங்கிலேயருக்கு அவர் வீரர், கார்த்தஹேனாக்காரர்களுக்குக் கடற்கொள்ளையர். ஊரைப் பிடித்து, ஒரு பகுதியை எரித்து, 1,07,000 டுகாட் பொற்காசுகள் வாங்கிக்கொண்டுதான் போனார். அதன் பிறகுதான் ஸ்பானிய அரசு இத்தாலியப் பொறியாளர் பௌதிஸ்தா அந்தோனெல்லியை அனுப்பியது. அவர் போட்ட திட்டத்தில் தொடங்கிய மதில் வேலை இடிவதும் கட்டுவதுமாக 200 ஆண்டுகள் நடந்தது. பவழப்பாறைக் கல்லை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பழைய கடலின் துளைகள் தெரியும். அந்தக் கல்லை வெட்டியதிலும் சுமந்ததிலும் பெரும்பங்கு ஆப்பிரிக்க அடிமைகளுடையது.

எங்கள் வழிகாட்டி அந்த ஊரிலேயே பிறந்த பெண். ஆங்கிலத்தில் விளக்கினார். குழுவில் ஆங்கிலம் அதிகம் பழகாத மூத்தவர்கள் 2 பேர் இருந்தார்கள்; அவர்களுக்கு நாங்கள் முறைவைத்துத் தமிழில் சொன்னோம். ஸ்பானியத்தில் நினைத்து ஆங்கிலத்தில் அவர் 5 நிமிடம் சொன்னதெல்லாம் தமிழில் ஒரு வாக்கியமாகிவிடும். "இவ்வளவு நேரம் பேசினாங்க, இவ்வளவுதானா?" என்று பெரியம்மா கேட்பார். துபாஷி என்ற சொல் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மதிலின் மேல் எல்லா வழிகாட்டிகளும் ஆசையாகச் சொல்லும் கதை 1741ஆம் ஆண்டு முற்றுகை. ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் வெர்னன் 180க்கும் மேற்பட்ட கப்பல்களோடு வந்தார். எதிரே நின்ற ஸ்பானியக் கடற்படைத் தலைவர் பிளாஸ் தெ லெசோவுக்கு ஒரு கண் இல்லை, ஒரு கால் இல்லை, ஒரு கை செயல்படாது. எல்லாம் முந்தைய போர்களில் போனவை. அவரிடம் இருந்தது சில ஆயிரம் பேர். ஆங்கிலேயர்கள் சான் ஃபெலிப்பே கோட்டையை ஏறிப் பிடிக்கப் பார்த்துத் தோற்றார்கள். மிச்சத்தைக் காய்ச்சலும் மழையும் பார்த்துக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், வெற்றி உறுதி என்று நம்பி இங்கிலாந்தில் முன்கூட்டியே பதக்கங்கள் அடித்துவிட்டார்கள். அதில் லெசோ வெர்னன் முன்னால் மண்டியிடுகிறார், இரண்டு காலும் முழுசாக! 2014இல் பிரித்தானிய இளவரசர் சார்லஸ் இங்கே வந்தபோது அந்த முற்றுகையில் இறந்த ஆங்கிலேயருக்கு ஒரு நினைவுக் கல்வெட்டு திறந்துவைத்தார். சில நாட்களில் உள்ளூர்க்காரர் ஒருவர் சுத்தியலால் அதை உடைத்தார். பிறகு கல்வெட்டையே எடுத்துவிட்டார்கள். 273 ஆண்டுகள் கழித்தும் கோபம் ஆறவில்லை.

இந்தக் கதை நமக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும். ஆனால் வெர்னனின் படையில் எட்வர்ட் போஸ்கவன் என்ற இளம் கப்பல் தலைவர் இருந்தார். கார்த்தஹேனாவில் ஒரு பீரங்கி மேடையைப் பிடித்துப் பேர் வாங்கியவர். அதே போஸ்கவன் 1748இல் பெரிய கடற்படையோடு சோழமண்டலக் கரைக்கு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஆகஸ்டில் தொடங்கிய முற்றுகை அக்டோபரில் முடிந்தது. அங்கேயும் நோய், அங்கேயும் மழை, அங்கேயும் தோல்வி. அந்த முற்றுகையை ஊருக்குள் இருந்தபடி நாள்நாளாகத் தமிழில் எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி, ஆனந்தரங்கப் பிள்ளை.

பிள்ளையை இங்கே இழுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துறைமுகத்தில் துபாஷி என்றால் நமக்கு அவர்தான் அளவுகோல்: பல்லக்கு, மாளிகை, வணிகம், ஆளுநரின் காதுக்கு அருகில் இடம். கார்த்தஹேனாவில் நான் தேடிப்போன துபாஷிகளின் நிலை இதற்கு நேரெதிர். அவர்களே அடிமைகள்.

மணிக்கூண்டு வாசலைத் தாண்டி உள்ளே போனால் முக்கோண வடிவில் ஒரு திடல் வரும். இன்று அதற்குக் குதிரை வண்டித் திடல் என்று பெயர். ஒரு பக்கம் வளைவுகளுக்குக் கீழே தேங்காய் மிட்டாயும் பால் மிட்டாயும் விற்கிறார்கள். நடுவே எரெதியாவின் சிலை. இங்கேதான் அடிமைகளை விற்றார்கள். ஸ்பானிய அமெரிக்காவுக்குள் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவர உரிமம் பெற்ற முக்கியத் துறைமுகம் இது. போர்த்துக்கீசிய வணிகர்களிடம் அந்தக் குத்தகை இருந்த 1595 முதல் 1640 வரையிலான காலத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே இறக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கேப் வெர்தே எதிர்க்கரையிலிருந்து அங்கோலா வரை எத்தனையோ இனத்தவர், பல பத்து மொழிகள். ஒரே சங்கிலியில் பூட்டப்பட்ட இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள முடியாமல் கடல் கடந்திருக்கக்கூடும்.

இந்த இடத்தில் இரண்டு இயேசு சபைத் துறவிகள் வருகிறார்கள். மூத்தவர் அலோன்சோ தெ சாந்தோவால். இளையவர் பெத்ரோ கிளாவெர், கத்தலோனியாவில் பிறந்து 1610இல் இங்கே வந்தவர், 1888இல் புனிதர் பட்டம் பெற்றவர். சாந்தோவாலை அலைக்கழித்தது ஒரு மொழிச் சிக்கல்தான். ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் அடிமைகளைக் கூட்டமாக நிற்கவைத்து, தண்ணீர் தெளித்து, ஞானஸ்நானம் முடிந்தது என்று கப்பலேற்றிவிடுவார்கள். என்ன நடக்கிறது என்று அவர்கள் மொழியில் யாரும் சொல்வதில்லை. தலையைக் கழுவுகிறார்கள் என்றும், ஏதோ மந்திரம் போடுகிறார்கள் என்றும் அவர்கள் நினைத்திருக்கிறார்கள். புரியாமல் பெற்ற ஞானஸ்நானம் செல்லுமா? செல்லாது என்றார் சாந்தோவால். ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் பேசி, கேட்டு, மறுபடி கொடுக்க வேண்டும் என்றார். 1627இல் செவில் நகரில் வெளியான அவருடைய பெரிய நூல் இதைப் பற்றியதுதான். ஆப்பிரிக்க இனங்களையும் மொழிகளையும் பற்றி அந்தக் காலத்தில் எழுதப்பட்ட அரிய பதிவுகளில் ஒன்று அது.

அடிமைப்படுத்துவதே சரியா என்ற கேள்வியும் அவருக்கு வந்தது. லுவாண்டாவில் இருந்த சபைத் தலைவருக்கு எழுதிக் கேட்டார். கற்றவர்கள் யாரும் இதில் குற்றம் கண்டதில்லை, மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்தது. அவருடைய சபையே அடிமைகளை வைத்திருந்தது.

சான் பெத்ரோ கிளாவெர் தேவாலயத்தின் முன்னால் உள்ள திடலில் ஒரு வெண்கலச் சிலை உண்டு. கிளாவெர் நடந்துவருகிறார், பக்கத்தில் ஒரு ஆப்பிரிக்கர். எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பெரியம்மா கேட்டார்: "சாமியார் சரி, கூட நிக்கிறவர் யாரு?" வழிகாட்டியிடம் கேட்டோம். ஒரு அடிமை என்றார். "பேரு?" என்றார் பெரியம்மா. பெயர் கிடையாது, அது ஒரு அடையாள உருவம் என்றார் அவர்.

ஆனால் கிளாவெரோடு உண்மையில் தினமும் நடந்தவர்களுக்குப் பெயர் உண்டு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

கிளாவெருக்கு அத்தனை மொழிகள் தெரியாது. கப்பல் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவர் மொழிபெயர்ப்பாளர்களைக் கூட்டிக்கொண்டு படகில் போவார். இவர்களில் பலரை இயேசு சபைக் கல்லூரி அந்த வேலைக்காகவே விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தது. அங்கோலாவைச் சேர்ந்த அந்த்ரேஸ் சகபூச்சே. இக்னாசியோ அலுவானில். பிரான்சிஸ்கோ யொலோஃபோ. ஹோசே மொன்சோலோ. இரண்டாம் பெயர்களில் சில அவர்களுடைய இனப் பெயர்கள். யொலோஃபோ என்றால் இன்றைய செனகலின் வொலோஃப். சகபூச்சே என்பது ஸ்பானிய மொழியில் ஒரு ஊதுகருவியின் பெயர். இன்னொருவரைக் கலெபினோ என்று அழைத்தார்கள். கலெபினோ அந்தக் கால ஐரோப்பாவில் எல்லோரும் அறிந்த பன்மொழி அகராதி. தொகுத்தவரின் பெயராலேயே வழங்கியது. நம் ஊரில் ஒருவருக்கு 'நிகண்டு' என்று பட்டப்பெயர் வைப்பதைப்போல. இந்த மனித நிகண்டுக்கு 11 மொழிகள் தெரியும் என்று குறிப்புகள் சொல்கின்றன. அந்த அகராதியின் 1590ஆம் ஆண்டு பாசல் பதிப்பிலும் 11 மொழிகள்தான் என்பதால், எண்ணிக்கையைப் பட்டப்பெயருக்கேற்பப் பொருத்தினார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 5 மொழி என்று வைத்துக்கொண்டாலும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கப்பலில் அவர்கள் முதலில் சொல்ல வேண்டியிருந்தது என்ன தெரியுமா? பயப்படாதீர்கள், உங்களைக் கொல்லக் கொண்டுவரவில்லை என்பது. வெள்ளையர்கள் தங்களைக் கொன்று எண்ணெய் எடுக்கப் போகிறார்கள் என்ற அச்சம் கப்பல்களில் பரவியிருந்ததை சாந்தோவால் எழுதியிருக்கிறார். அந்த அச்சத்தைத் தங்கள் மொழியில் முதலில் தீர்த்தவர்கள் இந்தத் துபாஷிகள். சில ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற கப்பலில் இதே அச்சத்தோடு வந்திறங்கியவர்கள் அவர்களில் பலர். பிறகு தண்ணீர், பழம், புகையிலை, கொஞ்சம் சாராயம். நோயாளிகளைத் துடைத்துவிடுவது. அதற்கும் பிறகு படங்களைக் காட்டி மதபோதனை. ஞானஸ்நானத்தின்போது 10 பேரை ஒரு குழுவாக நிறுத்தி எல்லோருக்கும் ஒரே பெயர் வைப்பார்கள். புதிய பெயரை ஒருவர் மறந்தாலும் மற்றவர் நினைவூட்டலாம் என்பது ஏற்பாடு. 10 பெத்ரோக்கள், அடுத்து 10 ஹுவான்கள். கழுத்தில் ஒரு ஈயப் பதக்கம்.

இந்தக் காட்சியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் எங்கள் குழுவுக்குள் நல்ல சண்டை நடந்தது. பயந்த மனிதனை அமைதிப்படுத்துவது அவனை விற்கிறவனுக்கும் லாபம்தானே என்றார் ஒரு நண்பர். உண்மைதான். ஆனால் அந்தக் கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவருக்கு, பல வாரங்களுக்குப் பிறகு தன் மொழியில் ஒரு வார்த்தை கேட்டது எப்படி இருந்திருக்கும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். லாபம் யாருக்கு என்று அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியிருக்காது.

கிளாவெர் 1654இல் இறந்தார். புனிதர் பட்டத்துக்கான விசாரணையில் 1658 முதல் 1660 வரை சாட்சியம் எடுத்தார்கள். உள்ளே நடந்ததை அருகிலிருந்து பார்த்தவர்கள் துபாஷிகள்தான். ஆகவே அவர்களும் சாட்சிகளாக அழைக்கப்பட்டார்கள். அந்த்ரேஸ் சகபூச்சே பேசினார். கப்பலிலும் அடிமைக் கொட்டடிகளிலும் நடந்ததை இன்று நாம் இத்தனை விவரமாக அறிவது பெருமளவு இவர்கள் சொன்னதால்தான். கிளாவெர் 3,00,000 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று பக்தி நூல்கள் சொல்லும். அவர் காலத்தில் வந்திறங்கியவர்களின் மதிப்பீட்டோடு அது ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த எண் எல்லா வழிகாட்டிக் கையேட்டிலும் இருக்கிறது. சகபூச்சேயின் பெயர் நான் பார்த்த ஒரு கையேட்டிலும் இல்லை.

இங்கே ஆனந்தரங்கப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பிள்ளையின் எழுத்தில் அவருடைய பெருமை, பொறாமை, சகுன நம்பிக்கை எல்லாம் இருக்கிறது. புதுச்சேரியில் ஆட்களைக் கடத்தி அடிமைகளாகக் கப்பலேற்றிய கும்பலைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நம் கரையும் அந்த வணிகத்துக்கு வெளியே இல்லை. அவர் கையில் சொந்தப் பேனா இருந்தது, சொந்த மொழி இருந்தது. சகபூச்சே சொன்னது ஸ்பானிய எழுத்தரின் கையால், ஸ்பானிய மொழியில், திருச்சபை கேட்ட கேள்விகளுக்குப் பதிலாக மட்டும் நிற்கிறது. அவருடைய முதலாளியின் புனிதத்தைப் பற்றிக் கேட்டார்கள், அதைச் சொன்னார். அவரைப் பற்றி அவரிடம் கேட்டவர் யாரும் இல்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சொன்னதை மொழிபெயர்த்தவருக்குத் தன் சொல்லை வைக்கக் கிடைத்த ஒரே இடம் அந்த விசாரணைக் கட்டு. அதற்குள்ளேயே அவர் கப்பலின் நாற்றத்தையும் பிணங்களையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

மார்க்கேஸ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1948இல் ஓர் இளம் பத்திரிகையாளராக அவர் இந்த ஊருக்கு வந்தார். அவருடைய சாம்பலில் ஒரு பகுதி இன்று இங்கே லா மெர்செத் மடத்து முற்றத்தில் இருக்கிறது. 'காதலும் பிற பேய்களும்' என்ற பொருள்படும் அவருடைய நாவலில், அடிமைகளிடம் வளர்ந்த ஒரு பிரபு வீட்டுச் சிறுமி ஆப்பிரிக்க மொழிகள் பேசுவாள். அவளுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி மடத்தில் அடைப்பார்கள். அந்தச் சாந்தா கிளாரா மடம் இன்று ஆடம்பர விடுதி. குழுவில் பாதிப் பேர் காப்பி குடிக்க மட்டும் உள்ளே போய்வந்தார்கள். காப்பி விலையைக் கேட்காதீர்கள்.

துபாஷி இல்லாமலே போன இன்னொரு வழியும் இருந்தது. தப்பியோடுவது. பென்கோஸ் பியோஹோ என்பவர் 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்த்தஹேனாவிலிருந்து தப்பி, சதுப்பு நிலங்களுக்குள் தன் கூட்டத்தோடு அரண் அமைத்து வாழ்ந்தார். ஸ்பானியர்கள் அவரோடு சமாதானம் பேசினார்கள். பிறகு பிடித்து 1621இல் தூக்கிலிட்டார்கள். அப்படித் தப்பியவர்களின் அரண் ஊர்களுக்கு பலெங்கே என்று பெயர். அவற்றில் இன்றும் உயிரோடு இருப்பது சான் பாசிலியோ தெ பலெங்கே, நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அங்கே பேசும் மொழியில் சொற்கள் பெரும்பாலும் ஸ்பானியம், உள்ளே ஓடுவது கொங்கோ ஆற்றுப் பகுதியின் கிகொங்கோ. மாட்டுக்கு இன்றும் 'ங்கோம்பே' என்கிறார்கள். நகரத்துக்கு வேலைக்குப் போனால் கெட்ட ஸ்பானியம் பேசுகிறான் என்று கேலி செய்வார்களாம். அதனால் ஒரு தலைமுறை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே விட்டது. 1980களுக்குப் பிறகு பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார்கள். 2005இல் யுனெஸ்கோ அந்த ஊரின் பண்பாட்டை மனிதகுல மரபாக அறிவித்தது. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

கார்த்தஹேனா திடல்களில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகப் பாவாடை கட்டித் தலையில் பழத்தட்டோடு நிற்கும் பெண்கள் அந்த ஊர்க்காரர்கள். படம் எடுத்தால் காசு கொடுக்க வேண்டும், கொடுங்கள்.

குழுவாகப் போகிறவர்களுக்கு என் யோசனை: மதிலுக்கு ஒரு மாலை போதும். கிளாவெர் தேவாலயத்தை ஒட்டிய மடத்துக்குக் காலையில் கூட்டம் வருவதற்கு முன் போங்கள். அவர் வாழ்ந்த அறையைப் பார்க்கலாம். பலெங்கேக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நகரத்து வழிகாட்டியோடு நிற்காமல் அந்த ஊரிலேயே ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எங்களுக்குக் கிடைத்தவர் பலெங்கே மொழியில் சொல்ல, நகரத்து வழிகாட்டிக்குப் புரியாமல், அவரே மறுபடி ஸ்பானியத்தில் சொல்லி, அது ஆங்கிலமாகி, தமிழாகிப் பெரியம்மாவிடம் போய்ச் சேர நேரம் பிடித்தது.

 கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.